சான்றிதழ் சுவரில் இருக்கிறது, சமத்துவம் எங்கே இருக்கிறது?

(வேலையிடச் சமத்துவப் பயிற்சி குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வேலையிடத்தில் சமத்துவம், பன்மைத்தன்மை ஆகியவை குறித்து ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பதுதான் இன்று எடுத்துக் கொண்ட பொருள். தலைப்பைக் கேட்டதும் சிலருக்குக் கொட்டாவி வந்தால் அதில் வியப்பில்லை. இத்தகைய பயிற்சிக்குப் போய் வந்தவர்களுக்கு அதன் நடைமுறை நன்றாகத் தெரியும். சனிக்கிழமை காலை ஒரு தங்கும் விடுதியின் கூட்ட அறை. சட்டையில் ஒட்டிக் கொள்ளப் பெயர் அட்டை. பத்தரை மணிக்குக் காப்பியும் கறிபாப்பும். திரையில் பல நிறக் கைகள் ஒன்றையொன்று பற்றிக் கொண்டிருக்கும் படம். எல்லாருடைய இரத்தமும் சிவப்புத்தான் என்று பயிற்றுநர் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள். சில இடங்களில் கைகோத்துப் பாடச் சொல்வதும் உண்டு. மாலையில் சான்றிதழ், குழுப்படம். திங்கட்கிழமை அனைவரும் பழைய இடத்தில், பழைய வழக்கத்தில்.

பயிற்சியே வீண் என்று வாதிடுவதற்காக இது சொல்லப்படவில்லை. அந்த ஒரு நாளில் எதைக் கற்றுக் கொடுக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, யாரும் மறுக்காத ஒன்றைக் கற்றுக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்பதுதான் குறை. மனிதர் எல்லாரும் சமம் என்பதை மறுக்கிற மேற்பார்வையாளரைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அவர் கையிலிருக்கும் பட்டியலைப் பார்த்தால் கதை வேறாக இருக்கும்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஷா ஆலாம் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. உற்பத்திப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் ஓர் அம்மையார். அவருக்கு மேலே, அவரைவிட வயதில் இளையவரான ஒரு சூப்பர்வைசர். இருவரும் தமிழர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் அம்மையாரின் பெயர் இல்லை.

“தம்பி, ரெண்டு மாசமா என் பேரே வரலியே?”

“இல்லக்கா, சின்னப் புள்ளைங்கள வச்சிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை எதுக்கு உங்களுக்குச் சிரமம்னுதான் போடல.”

“சிரமமா இல்லையான்னு என்னைக் கேட்டீங்களா தம்பி?”

இந்தத் தம்பி கெட்டவர் அல்லர். அவருக்கு அந்த அக்காவின்மேல் மரியாதை உண்டு, அக்கறையும் உண்டு. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து முறுக்கு சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். ஆனால் அவருடைய அக்கறை அந்தக் குடும்பத்திற்கு இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைச் சம்பளத்தை இல்லாமல் செய்துவிட்டது. அதே பட்டியலில் இருக்கும் ஆண்களில் பலருக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அவருக்கு அப்படித் தோன்றவில்லை. கதை ஓவர்டைமோடு முடிவதும் இல்லை. ஆண்டிறுதியில் வேலைத்திறன் மதிப்பீடு வரும். கூப்பிட்ட நேரத்திற்கு வருகிறாரா என்று அந்தத் தாளில் ஒரு கட்டம் இருக்கும். ஞாயிறு தோறும் வந்த இளைஞருக்கு அதில் ஐந்து மதிப்பெண், அக்காவுக்கு இரண்டு. அடுத்த ஆண்டு குழுத் தலைவர் பதவி யாருக்குப் போகும் என்பதை இங்கிருக்கும் யாரும் சொல்லிவிடலாம். எங்கேயும் யாரும் யாரையும் இழிவாகப் பேசவில்லை. நல்ல மனத்தோடு செய்யப்பட்ட ஒரு சின்னத் தவறு, பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

இந்தத் தம்பிக்கு இரத்தத்தின் நிறத்தைப் பற்றி வகுப்பெடுத்து என்ன பயன்? அவருக்குத் தேவைப்படுவது, ஓவர்டைம் பட்டியலை எப்படிப் போடுவது என்ற பயிற்சி.

சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக் கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் எதுவரை வந்திருக்கிறது என்பதை இவ்விடத்தில் தெரிந்து கொள்வது நல்லது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று சொல்கிறது. அதன் இரண்டாம் பிரிவில், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் வரிசையில், ஆண் பெண் என்ற பாலினமும் 2001இல்தான் சேர்க்கப்பட்டது. நாடு விடுதலை பெற்று நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு!

அந்த விதி தனியார் நிறுவனத்தின் கதவைத் தட்டுமா என்ற கேள்விக்கு, பியட்ரிஸ் பெர்னாண்டஸ் என்ற விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் விடை கிடைத்தது. கர்ப்பமானால் பணியிலிருந்து விலக வேண்டும் என்ற நிபந்தனை அன்றைய கூட்டு ஒப்பந்தத்திலேயே இருந்தது. 1991இல் கர்ப்பமான அவர் விலக மறுத்தார். வேலை போயிற்று. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2005இல் கூட்டரசு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே முடிவு செய்தது. அரசியலமைப்பு தரும் சமத்துவப் பாதுகாப்பு சட்டங்களுக்கும் அரசாங்கத்தின் செயல்களுக்கும் உரியது, முதலாளிக்கும் தொழிற்சங்கத்திற்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத்திற்கு அது பொருந்தாது என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தில் தொழிற்சங்கமும் கையெழுத்திட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர் பக்கம் நிற்க வேண்டியவர்களுக்கும் இந்த வகுப்பு தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு வந்தது நூர்பாடில்லா வழக்கு. 2009இல் தற்காலிக ஆசிரியர் பணிக்குத் தேர்வாகி, வேலைக்கான கடிதத்தையும் பெற்றுக் கொண்டவர் அவர். கர்ப்பமாக இருப்பவர்கள் யார் என்று அதிகாரிகள் கேட்டார்கள். உண்மையைச் சொன்னார். நியமனம் திரும்பப் பெறப்பட்டது. 2011 ஜூலையில் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை மறுப்பது பாலினப் பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் அனைத்துலக உடன்படிக்கையில் மலேசியா 1995இல் இணைந்ததையும் நீதிமன்றம் எடுத்துக் கொண்டது. இங்கே வேலை கொடுக்க மறுத்தது அரசாங்க இலாகா. அதனால்தான் அரசியலமைப்பு கைகொடுத்தது.

2023 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தங்கள், தனியார் நிறுவனங்களையும் ஓரளவு உள்ளே கொண்டு வந்தன. 69எஃப் என்ற புதிய பிரிவின்படி, வேலையிடப் பாகுபாடு குறித்து ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையே எழும் தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு பிறப்பிக்கலாம். உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். கர்ப்பமாக இருக்கும் ஊழியரை வேலை நீக்கம் செய்வதற்குத் தடை வந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையருக்கு 7 நாள் விடுப்பு வந்தது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் கேட்டால், முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். பாலியல் தொல்லை குறித்த அறிவிப்பை வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருப்பதும் கட்டாயம்.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்பதற்கு அந்தத் திருத்தத்தில் விளக்கம் இல்லை. அந்தப் பிரிவு பேசுவது ஊழியரைப் பற்றி. வேலை தேடி வருகிறவர் இன்னும் ஊழியர் ஆகவில்லை. ஆக, நேர்முகத் தேர்வில் “கல்யாணம் எப்போது? பிள்ளை எப்போது?” என்று கேட்டு ஒரு பெண்ணை வாசலோடு அனுப்பிவிட்டால், அவர் 69எஃப் பிரிவைக் காட்டிக் கதவைத் தட்டுவது கடினம். சட்டம் போகாத இந்த இடத்தில் நேர்முகத் தேர்வு நடத்துகிறவரின் பழக்கம் ஒன்றுதான் காவல். பயிற்சியின் அருமை இங்கேதான் தெரிகிறது.

அண்டை நாடான சிங்கப்பூர் வேறு வழியில் போயிருக்கிறது. 2006இல் முத்தரப்புக் கூட்டணி ஒன்றை அமைத்து, 2007இல் நியாயமான வேலை நியமன வழிகாட்டிகளை வெளியிட்டு, நெடுநாள் அறிவுரையிலேயே காலம் கடத்தியது. பின்பு 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வயது, குடியுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பத்தாரைப் பராமரிக்கும் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம் ஆகியவற்றைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்யக் கூடாது என்பது அதன் உள்ளடக்கம். ஆளெடுக்கும் கட்டமும் இதில் அடங்கும். புகாரை விசாரிக்கும் முறை ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும், புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. 25க்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. சட்டத்தை 2027 இறுதிக்குள் நடைமுறைப்படுத்துவது அரசாங்கத்தின் திட்டம்.

மொழித்திறன் என்ற சொல் தமிழர் காதில் உடனே விழும். ‘சீன மொழி பேசுவோர் விரும்பத்தக்கது’ என்ற விளம்பர வாசகத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலேயே விட்டவர்கள் இரு நாட்டிலும் ஏராளம். அந்த வேலைக்கு அந்த மொழி உண்மையாகவே தேவைப்படலாம். சீனாவிலிருந்து வரும் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டியாக இருப்பவருக்குச் சீன மொழி தெரிந்திருக்க வேண்டாமா? ஆனால் கிடங்கில் பெட்டிகளை எண்ணி அடுக்குபவருக்கு எதற்கு? விளம்பரத்தை எழுதுகிறவர் அந்தக் கேள்வியைத் தம்மிடமே கேட்டுக் கொண்டாரா என்பதுதான் விஷயம். போன ஆண்டு விளம்பரத்தை அப்படியே எடுத்து, தேதியை மட்டும் மாற்றிப் போட்டதாகவும் இருக்கலாம்.

பெயர் மட்டுமே ஒருவரைத் தடுக்குமா என்று ஐயப்படுவோருக்கு இரண்டு ஆய்வுகள் போதும். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பாஸ்டன், சிக்காகோ நகரங்களில் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதிகள் சமமாக அமைக்கப்பட்டன. பெயர்கள் மட்டும் வெள்ளையர் பெயர்களாகவோ கறுப்பர் பெயர்களாகவோ இருந்தன. வெள்ளையர் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு ஐம்பது விழுக்காடு அதிகமாக அழைப்பு வந்தது. மலேசியாவில் லீ ஹோக் ஆன், முகமது அப்துல் காலிட் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் செய்த இதே போன்ற ஆய்வு 2016இல் வெளியானது. தனியார் நிறுவனங்களில் புதிய பட்டதாரிகளுக்கான வேலைகளுக்கு அனுப்பப்பட்ட விண்ணப்பங்களில், சீனப் பெயர்களுக்கு நூற்றுக்கு 22 என்ற அளவிலும் மலாய்ப் பெயர்களுக்கு நூற்றுக்கு 4 என்ற அளவிலும் நேர்முகத் தேர்வு அழைப்புக் கிடைத்தது. இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. அரசாங்கத்தின் இனவாரிக் கொள்கைகள் பற்றிய விவாதம் தனி. இன்றைய அரங்கின் பொருள் அதுவன்று. ஆனால் எந்த இனத்தாரும் ஏதாவது ஒரு வாசலில் பெயருக்காக நிறுத்தப்படுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பேச்சையே தொடங்க முடியாது.

அப்படியானால் பயிற்சியால் இதை மாற்ற முடியுமா? அமெரிக்காவில் 2018இல் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, பிலடெல்பியா நகரில் ஒரு ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடை. கறுப்பின இளைஞர்கள் இருவர், தொழில் விஷயமாகப் பேச ஒருவர் வருவார் என்று காத்திருந்தார்கள். ஒருவர் கழிவறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். எதுவும் வாங்காதவர்களுக்கு இல்லை என்று பதில் வந்தது. மேலாளர் போலீசைக் கூப்பிட்டார். இருவருக்கும் கைவிலங்கு மாட்டப்பட்டது. கடையிலிருந்த ஒருவர் எடுத்த காணொளி உலகம் முழுவதும் பரவியது. மே 29ஆம் தேதி, அந்நிறுவனம் அமெரிக்காவிலிருந்த தன் 8,000க்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகலில் மூடி, ஏறக்குறைய 1,75,000 ஊழியர்களுக்கு இனப் பாகுபாடு பற்றி வகுப்பு நடத்தியது. உலகமே பார்த்த வகுப்பு அது.

ஆனால் அந்த வகுப்புக்குச் சில நாள்களுக்கு முன்பு இன்னொன்றும் நடந்தது. அதைப் பலர் கவனிக்கவில்லை. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் யாரும் கடையில் அமரலாம், கழிவறையைப் பயன்படுத்தலாம் என்று நிறுவனம் விதியை மாற்றியது. முன்பு, யாரை உட்கார விடுவது, யாரை வெளியே போகச் சொல்வது என்பது மேலாளரின் மனம்போல் இருந்தது. ஒருவருக்குக் கண்டும் காணாமல் விட்டுவிடலாம். இன்னொருவருக்குப் போலீசைக் கூப்பிடலாம். பாகுபாடு நுழைந்த சந்து அதுதான். புதிய விதி அந்தச் சந்தை அடைத்தது. 2025 ஜனவரியில் வட அமெரிக்கக் கடைகளில் அந்த விதியும் திரும்பப் பெறப்பட்டது; கடை வாடிக்கையாளருக்கு மட்டுமே என்று ஆயிற்று. அதற்கு அவர்கள் பாதுகாப்பு முதலிய காரணங்களைச் சொல்லலாம். ஆனால் மே 29ஆம் தேதி வகுப்பில் கேட்டது எத்தனை பேர் நினைவில் இருக்கும்? விதி இருந்த வரையில், கேட்டதை மறந்த மேலாளரும் அதன்படி நடக்க வேண்டியிருந்தது.

பிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் என்ற இரு சமூகவியல் அறிஞர்கள் 800க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டு விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். 2016இல் அவர்கள் எழுதிய கட்டுரை, பயிற்சி நடத்துவோரின் வயிற்றில் புளியைக் கரைத்தது. மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி வைத்த நிறுவனங்களில் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால், மேலாளர் பதவியிலிருந்த கறுப்பினப் பெண்களின் பங்கு உயரவில்லை. சராசரியாக 9 விழுக்காடு குறைந்திருந்தது. ஆசிய வம்சாவளியினரின் பங்கும் 4, 5 விழுக்காடு இறங்கியிருந்தது. கட்டாயப்படுத்தி உட்கார வைத்து ‘நீ தவறு செய்கிறவன்’ என்ற தொனியில் பேசினால், மனிதர்கள் முறுக்கிக் கொள்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். விரும்பியவர் வரலாம் என்று வைத்த பயிற்சிகள் ஓரளவு நல்ல பலன் தந்தன. மூத்த அதிகாரி ஒருவர் இளைய ஊழியர் ஒருவரைப் பொறுப்பெடுத்து வழிகாட்டும் திட்டம் அதைவிட நல்ல பலனைத் தந்தது. ஒருவரை அருகில் வைத்துப் பார்த்துப் பழகியவர், அவருடைய பதவி உயர்வுக்காகத் தாமே வாதாடுகிறார். குரு சீடர் உறவை அறிந்த சமூகத்திற்கு இது புதிய செய்தி அன்று.

இனி, நல்ல பயிற்சி எப்படி இருக்கும்? அது விடுதியின் கூட்ட அறையில் நடக்காது, வேலையிடத்திலேயே நடக்கும். பயிற்றுநர் படம் காட்ட மாட்டார். அந்த நிறுவனத்தின் தாள்களையே மேசைமேல் பரப்புவார். சென்ற ஆறு மாத ஓவர்டைம் பட்டியல், கடைசியாகப் போட்ட ஐந்து விளம்பரங்கள், நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்விகள், மதிப்பீட்டுத் தாள்கள். “இந்தப் பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, அந்தப் பெயர் ஏன் வரவில்லை” என்று சூப்பர்வைசர்களையே தேடச் சொல்வார். தாமே கண்டுபிடித்த தவற்றைத் திருத்திக் கொள்ள மனிதர் தயங்குவதில்லை. பிறர் சுட்டிக் காட்டினால்தான் சண்டைக்கு வருவார்கள்.

நேர்முகத் தேர்வுக்கு வரும் எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போடும் பழக்கத்தை அரை நாளில் கற்றுக் கொடுத்துவிடலாம். பிள்ளை எப்போது என்ற கேள்வி அந்தத் தாளிலேயே இருக்காது. “ஆள் பார்த்தால் நல்ல மாதிரி தெரியுது” என்று சொல்லி எடுப்பதற்கும் இடம் இருக்காது. நல்ல மாதிரி தெரிவது பெரும்பாலும் தன் மாதிரி தெரிவதுதானே!

அடுத்தது விடுமுறை. பல தமிழ் ஊழியர்களுக்கே தெரியாத செய்தி ஒன்று உண்டு. வேலைச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 11 பொது விடுமுறைகள் தர வேண்டும். அவற்றுள் கட்டாயமானவை ஐந்துதான்: தேசிய தினம், மாமன்னர் பிறந்த நாள், மாநில ஆட்சியாளரின் பிறந்த நாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மற்ற ஆறும் அரசிதழில் உள்ள விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுப்பவை. தீபாவளி அந்த ஐந்தில் இல்லை. ஹரி ராயாவும் சீனப் புத்தாண்டும்கூட இல்லை. ஆறைத் தேர்ந்தெடுத்து ஆண்டு தொடங்குமுன் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அதை ஒட்டுமுன் ஊழியர்களைக் கேட்கிற நிறுவனமும் இருக்கிறது, கேட்காத நிறுவனமும் இருக்கிறது. தீபாவளியன்று வேலைக்குப் போக வேண்டி வந்ததைப் பற்றி அக்டோபரில் கொதிப்பதைவிட, பலகையை டிசம்பரில் பார்த்துக் கேட்பது பயன் தரும்.

சாப்பாட்டையும் சேர்த்துக் கொள்ளலாம். ஆண்டு விருந்தில் சைவ உணவு கேட்டவருக்குக் கோழியை எடுத்துவிட்டு அதே குழம்பைக் கொடுப்பது எத்தனை இடத்தில் நடக்கிறது! உடற்குறையுள்ள இளைஞரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்துவிட்டு, மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியில் அறையை வைப்பதும் இந்த வகைதான். உடற்குறையாளர் சட்டம் 2008இலேயே வந்துவிட்டது; வேலை வாய்ப்பில் அவர்களுக்குச் சம உரிமை உண்டு என்று அது சொல்கிறது. ஆனால் படிக்கட்டுக்கு அது தெரியாது. தொழிற்சாலைகளில் பாதுகாப்புக் கையுறையும் காலணியும் ஆண்களின் அளவிலேயே வாங்கப்பட்டு, பெண்கள் தொளதொளவென்று மாட்டிக் கொண்டு இயந்திரத்தருகே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, எல்லாருக்கும் ஒரே பொருளைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, கசப்பான ஒன்று. இதைத் தமிழர் அரங்கில் பேசாமல் போவது நேர்மையாகாது. ‘கெலிங்’ என்ற சொல் காதில் விழுந்தால் இரத்தம் கொதிக்காத தமிழர் மலேசியாவில் இல்லை. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அதே தமிழர் சூப்பர்வைசர் ஆனதும், தமக்குக் கீழே இருக்கும் அந்நியத் தொழிலாளரை எப்படிக் கூப்பிடுகிறார்? வங்காளதேசத்துக்காரர், நேபாளி, மியான்மார் நாட்டவர் எல்லாருக்கும் “டேய் பங்களா” என்ற ஒரே பெயர்தான். அந்த மனிதருக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அவரை அண்ணன் என்றும் மாமா என்றும் கூப்பிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று தலைமுறைக்கு முன் ரப்பர்த் தோட்டத்தில், இதே தமிழரின் தாத்தாவை வெள்ளைக்காரத் துரை பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மண்டோரும் கூப்பிடவில்லை; மண்டோர் தமிழராகவே இருந்தபோதும்! பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லும்போது தமிழ்ச் சூப்பர்வைசர்கள் தலை குனிந்து கொள்வார்கள். மறுநாள் அந்தத் தொழிலாளரின் பெயரை ஒருமுறை கேட்டுத் தெரிந்து கொண்டால் போதும்.

பயிற்சி எந்த மொழியில் நடக்கிறது என்பதும் சின்ன விஷயம் அன்று. ஆங்கிலத்தில் சொல்லித்தரும் வகுப்பு மேலாளர்களோடு நின்றுவிடும். பட்டியல் போடுபவரும், வரிசையில் நிற்பவரும், பாதுகாவலரும், சிற்றுண்டிச்சாலையில் பரிமாறுபவரும் மலாயிலோ தமிழிலோ வங்காளத்திலோ நேபாளியிலோதான் மனம்விட்டுப் பேசுவார்கள். குறிப்பாக, புகாரை யாரிடம் சொல்வது என்ற செய்தி அவரவர் மொழியில் போய்ச் சேர வேண்டும். புகார்ப் பெட்டியின் சாவி யார்மேல் புகாரோ அவரிடமே இருக்கிற இடங்களும் உண்டு. அங்கே பெட்டியில் மிட்டாய்த் தாள்தான் கிடைக்கும்.

வீட்டிலும் ஒரு பயிற்சி நடக்கிறது. வேலைக்குப் போகும் மகளிடமும் மகனிடமும் “அனுசரிச்சுப் போ, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு” என்று சொல்லி அனுப்பும் பயிற்சி. வறுமையில் வாழ்ந்த தலைமுறை பயத்தில் கற்ற பாடம் அது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன சொல்லப்பட்டது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்பலாம். தொழிலாளர் இலாகாவின் முகப்பில் போய் நிற்கும்போது கண்ணீரைவிட அந்தக் குறிப்பேடு அதிகம் பேசும்.

சிறு முதலாளிகள் கேட்கும் கேள்வி நியாயமானது: முப்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? பெரும்பாலான துறைகளில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்களுடைய மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகத்திற்கு லெவியாகக் கட்டிக் கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்காகவே வசூலிக்கப்படுகிறது. கட்டிய பணத்தைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, பயிற்சிக்குப் பணமில்லை என்பது வேடிக்கை. அதிலும், ஓவர்டைம் பட்டியலை மேசைமேல் பரப்பிப் பார்ப்பதற்கு ஒரு காசும் வேண்டாம். ஒரு மத்தியானமும், உண்மையைப் பார்க்கும் துணிச்சலும் போதும்.

அந்த ஷா ஆலாம் தொழிற்சாலைக்குத் திரும்பலாம். அங்கே அப்படி ஒரு வகுப்பு நடந்ததாக வைத்துக் கொள்வோம். அடுத்த வாரம் சூப்பர்வைசர் பட்டியலைத் தாமே எழுதவில்லை. புதன்கிழமை காலை ஒரு வெற்றுத் தாளைப் பலகையில் ஒட்டி, ஞாயிறு வேலைக்கு வர விரும்புகிறவர்கள் பெயரை எழுதலாம் என்றார். ஆள் அதிகமானால் இந்த வாரம் விடுபட்டவர்களுக்கு அடுத்த வாரம் முதலிடம். மதியத்திற்குள் பத்தொன்பது பெயர்கள் சேர்ந்தன. மூன்றாவது வரியில் அந்த அம்மையாரின் கையெழுத்து.

“வீட்டுல புள்ளைங்கள யார் பாத்துக்குவாங்கக்கா?”

“அவங்க அப்பாதான் தம்பி. வேற யாரு?”